வேலூரிலிருந்து ட்ரவுட் ஆற்றுக்கு: கோடையில் முதல் முறை ஃபிளை ஃபிஷிங் போகிறவர்களுக்கு

இமாச்சலப் பிரதேசத்தின் தீர்த்தன் ஆற்றில், மே மாதக் கடைசியில், ட்ரவுட் என்ற குளிர்நீர் மீனுக்காக ஆறு நாள் ஃபிளை ஃபிஷிங் செய்தேன்; ஈ மாதிரி கட்டிய முள்ளை வீசிப் பிடிக்கும் தூண்டில் அது. முதல் மூன்று நாளும் காலை ஒன்பதரைக்குப் பராட்டா சாப்பிட்டுவிட்டுச் சாவகாசமாக ஆற்றுக்குப் போனேன். மாலை ஐந்து வரை வீசினேன். ஒரு மீன்கூட எட்டிப் பார்க்கவில்லை. நான்காம் நாள் தூக்கம் வராமல் விடியற்காலை ஐந்தரைக்கே போய் நின்றேன். அதே இடம்தான், ஆனால் ஆறு அரை அடி இறங்கி, கண்ணாடி மாதிரி இருந்தது. இருபது நிமிடத்தில் முதல் மீன்.

அந்த மூன்று நாளுக்கு நான் கொடுத்த காசையும் லீவையும் நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. ஏரியில் மண்புழு கோத்து ஜிலேபியும் கெளுத்தியும் பிடித்துப் பழகிய நம்ம ஊர் ஆளுக்கு மலை ஆறு புது விஷயம். ஏரி நாள் முழுக்க ஒரே மாதிரி இருக்கும். பனி உருகி வரும் ஆறோ மணிக்கு மணி மாறும். யாராவது முன்னாடியே சொல்லியிருந்தால் தேவலையே என்று தோன்றியதால் வரிசையாக எழுதுகிறேன்.

1. மாதத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

இமாச்சலில் மார்ச் 1 முதல் அக்டோபர் 31 வரைதான் ட்ரவுட் பிடிக்கலாம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை முட்டையிடும் காலம், தடை. திறந்திருக்கும் எட்டு மாதமும் நல்ல மாதம் என்று நினைத்துவிடாதீர்கள்.

மார்ச், ஏப்ரலில் தண்ணீர் குறைவு, தெளிவு, கடுங்குளிர். மே, ஜூன் முதல் பாதியில் மேலே பனி உருகும்; ஆறு பெருகும், ஆனால் காலையில் பிடிக்கலாம். ஜூன் கடைசியில் பருவமழை வந்துவிடும். அதன் பிறகு செப்டம்பர் நடுப்பகுதி வரை ஆறு டீ நிறத்தில் ஓடும், மலைச்சரிவு வேறு. 2023 ஜூலையில் குல்லு மாவட்டத்தில் பியாஸ் ஆறு பாலத்தையும் ரோட்டையும் கட்டடங்களையும் அடித்துக்கொண்டு போனதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். ஜூலை, ஆகஸ்டில் டிக்கெட் சுலபமாகக் கிடைக்கிறதே என்று யாரும் கிளம்ப வேண்டாம்.

பள்ளி விடுமுறையை வைத்துத் திட்டம் போடுகிறவர்களுக்கு மே முதல் பாதிதான் சரி. தனியாகப் போகிறவர் என்றால் செப்டம்பர் கடைசி, அக்டோபர் இன்னும் நல்லது என்று அங்கே எல்லோரும் சொன்னார்கள். ஆனால் நான் கோடையில் போனவன், இங்கே கோடையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

"ஊட்டியிலேயே ட்ரவுட் இருக்கிறதே, அவ்வளவு தூரம் எதற்கு?" என்று நிச்சயம் கேட்பார்கள். நீலகிரியில் ட்ரவுட் உண்டு, அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகமும் உண்டு. ஆனால் நல்ல ஓடைகள் பெரும்பாலும் வனத்துறை எல்லைக்குள் இருக்கின்றன. புதிதாகப் போகிறவர் அனுமதிக்கு அலைவதிலேயே லீவு தீர்ந்துவிடும். காஷ்மீரில் ஆற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து, இந்தத் தேதிக்கு இந்தத் துண்டு என்று பர்மிட் தருகிறார்கள். முதல் முறைக்கு எனக்கு இமாச்சல்தான் எளிதாகப் பட்டது.

2. அறுபது நாளுக்கு முன் டிக்கெட்

ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்தான் திறக்கிறது. முன்பிருந்த 120 நாள் கணக்கை மனதில் வைத்துக்கொண்டிருக்காதீர்கள். காட்பாடியிலிருந்து டெல்லிக்கு கேரளா எக்ஸ்பிரஸ் இருக்கிறது, இரண்டு இரவு. மே மாதத்தில் திறந்த அன்றே வெயிட்டிங் லிஸ்ட் ஏறிவிடும். சென்னைக்குப் போய் ஏறினால் வண்டிகள் அதிகம், அதையும் பாருங்கள். தட்கலை நம்பினால், ஏ.சி.க்கு முந்தைய நாள் காலை பத்து மணி, ஸ்லீப்பருக்கு பதினொன்று.

டெல்லியிலிருந்து குல்லு, மணாலி போகும் இரவு பஸ்ஸில் ஏறி ஔட் என்ற இடத்தில் இறங்க வேண்டும். நீளமான சுரங்கப்பாதைக்கு முன்னால் வரும் சின்ன ஊர். விடியற்காலை அரைத் தூக்கத்தில் சுரங்கத்தைத் தாண்டிவிட்டால் திரும்பி வர வேறு வண்டி பிடிக்கணும். ஏறும்போதே கண்டக்டரிடம் சொல்லுங்கள். புது நாலுவழிச் சாலை வந்த பிறகு எல்லா பஸ்ஸும் ஔட்டைத் தொடுவதில்லை. அங்கிருந்து பஞ்சார் வழியாக, தீர்த்தன் கரையில் இருக்கும் குஷைனி. உள்ளூர் பஸ் உண்டு, ஷேர் ஜீப்பும் உண்டு.

கம்பை எப்படிக் கொண்டுபோவது என்பது பலருக்குக் கவலை. நாலு துண்டாகக் கழற்றும் ஒன்பதடி ராடு முக்கால் மீட்டர் குழாய்க்குள் அடங்கிவிடும், பெர்த்துக்கு அடியில் போகும். விமானம் என்றால் தூண்டில் முள்ளைக் கைப்பையில் வைக்காதீர்கள், லக்கேஜில் போடுங்கள்.

3. என்ன வாங்குவது, எதை வேலூரிலேயே தேற்றுவது

ஃபிளை ஃபிஷிங்கில் எடை தூண்டில் முனையில் கிடையாது. ஈ மாதிரி கட்டிய முள் ஒரு இறகு கனம்கூட இருக்காது, அதைத் தூக்கி எறிய முடியாது. தடிமனான லைன்தான் எடை. லைனை வீசுகிறோம், ஈ அதன் வாலைப் பிடித்துக்கொண்டு போகிறது. அதனால் ராடும் லைனும் ஒரே எடை எண்ணில், கடைக்காரர் பாஷையில் ஒரே 'வெயிட்'டில், இருந்தாக வேண்டும். ட்ரவுட்டுக்கு ஒன்பதடி, 5-வெயிட் ராடு, அதற்கு 5-வெயிட் மிதக்கும் லைன். நான் முதலில் ஆன்லைனில் 5-வெயிட் ராடும், தள்ளுபடியில் கிடைக்கிறதே என்று 8-வெயிட் லைனும் வாங்கினேன். கம்பு காய்த்த முருங்கைக்கிளை மாதிரி வளைந்தது. எண்ணைப் பார்த்து வாங்குங்கள். ரீலுக்கு மட்டும் பெரிதாகச் செலவு செய்யாதீர்கள், இந்த அளவு மீனுக்கு அது லைனைச் சுற்றி வைக்கும் உருளைதான்.

லைன் முனையில் லீடர் என்று ஒன்பதடி நரம்பு, அடியில் தடித்து நுனியில் மெலிந்து வரும். நுனி கனத்தை எக்ஸ் கணக்கில் சொல்வார்கள். எண் ஏற ஏற நரம்பு மெலியும். 4எக்ஸ் என்றால் 0.18 மில்லிமீட்டர், 5எக்ஸ் 0.15. கோடைப் பெருக்குக்கு 4எக்ஸ் போதும். தெளிந்த காலைத் தண்ணீருக்கு 5எக்ஸ். நம்ம ஊர் தங்கூஸை அப்படியே கட்டிவிடலாம் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. சுருள் சுருளாக நின்று, ஈ லைன் மேலேயே வந்து விழுந்தது.

ஈக்களில் தண்ணீருக்கு அடியில் போகும் நிம்ஃப் வகை பத்து, மேலே மிதக்கும் வகை ஆறு, முள் அளவு 12 முதல் 16 வரை. மணி கோத்த ஃபெசன்ட் டெயில், ஹேர்ஸ் இயர், மிதப்பதற்கு ஆடம்ஸ், எல்க் ஹேர் கேடிஸ். இந்தப் பெயர்களைச் சொன்னாலே கடையில் கொடுப்பார்கள். பாறை நிறைந்த ஆறு. ஒரு நாளைக்கு மூன்று நாலு ஈ தொலையும். தொலைவதைப் பார்த்துவிட்டு நானே கட்ட ஆரம்பித்தேன். நாட்டுச் சேவலின் கழுத்து இறகுதான் அதற்கு வேண்டிய முக்கியச் சரக்கு. கறிக்கடைக்காரர் ஒரு பை நிறையச் சும்மாவே கொடுத்தார், என்னை ஒரு மாதிரி பார்த்துக்கொண்டே.

மீதிச் சாமானுக்கு வேலூரை விட்டுப் போக வேண்டாம். மீன் வாயிலிருந்து முள்ளை எடுக்க வெளிநாட்டுக் கம்பெனிகள் விற்கும் இடுக்கி வேறொன்றுமில்லை, ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ். சி.எம்.சி. பக்கத்து சர்ஜிகல் கடைகளில் ஐந்து அங்குலத்தில், பூட்டு போட்டது, கேட்டு வாங்குங்கள். நான் 120 ரூபாய் கொடுத்தேன். "யாருக்கு ஆபரேஷன்?" என்று கடைக்காரர் அக்கறையாகக் கேட்டார். மீனுக்கு என்று சொல்ல வாய் வரவில்லை. மாத்திரை போட்டு வைக்கும் ஏழு நாள் டப்பா ஈக்களுக்கு அளவெடுத்த மாதிரி பொருந்தும். ராடு குழாய்க்குப் பிளம்பிங் கடையில் இரண்டரை அங்குல பி.வி.சி. பைப், இரண்டு பக்கமும் மூடி.

பாசி பிடித்த பாறையில் ரப்பர் சோல் சோப்பு மேல் நடப்பது மாதிரி வழுக்கும். அடியில் கம்பளி ஃபெல்ட் ஒட்டிய பூட்ஸ் வேண்டும். ஷூ தொழில் தெரிந்த பகுதியில் இருந்துகொண்டு அதை ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்குவானேன்? ஆம்பூரில் ஷூ வேலை பார்க்கும் ஒரு சொந்தக்காரரிடம் பழைய மலையேற்ற பூட்ஸைக் கொடுத்தேன். சோலைச் சுரண்டி, பத்து மில்லிமீட்டர் ஃபெல்ட் ஒட்டி, விளிம்பைச் சுற்றித் தையலும் போட்டுக் கொடுத்தார். "தண்ணியில ஊறினா பசை மட்டும் நிக்காது மாப்ள, தையல் இருக்கட்டும்" என்றார். ஆறு நாள் ஊறியும் பிரியவில்லை.

4. பாலாற்றில் ஒரு மாதம் பயிற்சி

இதைத் தவிர்த்துவிட்டு நேராக ஆற்றில் கற்றுக்கொள்ளலாம் என்று போனால் முதல் இரண்டு நாள் சிக்கு எடுப்பதிலேயே போய்விடும். வீசுவதற்குத் தண்ணீர் தேவையில்லை. பின்னால் முப்பதடி, முன்னால் முப்பதடி மரமில்லாத வெட்டவெளி வேண்டும், அவ்வளவுதான். அதற்கு நம்ம பாலாற்று மணலைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும்? அக்னி நட்சத்திரத்தில் காலை ஆறு முதல் ஏழு வரை போனேன். ஆடு ஓட்டி வந்த பெரியவர் மூன்று நாள் வேடிக்கை பார்த்துவிட்டு நாலாம் நாள், "ஏம்பா, ஆத்துல தண்ணியே இல்ல, யாரை ஏமாத்தற?" என்று கேட்டார்.

ராடைத் தூக்கி வேகமாகப் பின்னால் கொண்டுபோய், காதுக்குப் பக்கத்தில் சட்டென்று நிறுத்துங்கள். லைன் பின்னால் முழுசாக நீளும்வரை பொறுங்கள். நீண்ட பிறகுதான் முன்னால் தள்ள வேண்டும். அவசரப்பட்டால் சாட்டை சொடுக்கிய மாதிரி 'டப்' என்று கேட்கும். நுனியில் ஈ இருந்திருந்தால் அது அப்போதே போயிருக்கும். சத்தமில்லாமல் வீசப் பழகுவதுதான் முதல் பாடம். ஒரு சைக்கிள் டயரைப் பத்து மீட்டர் தள்ளிப் போட்டு அதற்குள் விழ வையுங்கள். அதைவிடத் தூரம் வீச வேண்டிய அவசியம் அந்த ஆற்றில் எனக்கு ஒரு முறைகூட வரவில்லை.

பயிற்சியில் முள் கட்டாதீர்கள், சிவப்புக் கம்பளி நூல் ஒரு துண்டு கட்டுங்கள். நான் ஆசைக்கு ஒரு நாள் நிஜ ஈயைக் கட்டினேன். காற்று வலப்பக்கமிருந்து அடித்தது, முள் என் காது மடலில் ஏறிவிட்டது. நுனிக்குக் கீழே பின்பக்கம் பார்த்து நிற்கும் சின்னச் செதில் உள்ள முள், இழுத்தால் வராது. ஆஸ்பத்திரிக்கு ராடைக் கழற்றி, காதில் ஈ தொங்கப் போய், வெட்டி எடுத்து, டி.டி. ஊசி போட்டுக்கொண்டு வந்தேன். அன்று முதல் எல்லா முள்ளின் செதிலையும் இடுக்கியால் நசுக்கிவிடுகிறேன். கண்ணாடியும் தொப்பியும் இல்லாமல் ராடைத் தொடுவதில்லை. கண்ணாடி போலரைஸ்டாக இருந்தால் தண்ணீருக்குள்ளும் பார்வை போகும், அங்கே அது பெரிய உதவி.

5. பர்மிட்

மீன்வளத்துறை தரும் ட்ரவுட் பர்மிட் நாள் கணக்கில். நான் எடுத்தபோது ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 100 ரூபாய். ஆதார் அசல், இரண்டு நகல், இரண்டு போட்டோ கொண்டுபோங்கள். எல்லாம் கேட்பார்கள் என்றில்லை. கேட்டுவிட்டால் மலையில் ஜெராக்ஸ் கடை தேட வேண்டியிருக்கும். நாகினியில் அரசு ட்ரவுட் பண்ணை இருக்கிறது. குஷைனி போகும் வழியிலேயே விசாரித்துக்கொண்டு போகலாம்.

நான் செய்த தப்பு, சனிக்கிழமை சாயங்காலம் போய்ச் சேர்ந்தது. திங்கள் வரை கையில் பர்மிட் இல்லை. ஞாயிறு முழுக்க ஆற்றைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பர்மிட் இல்லாமல் ஒரு தடவை வீசினால் என்ன என்று தோன்றும். வேண்டாம், காவலர்கள் கரையோரம் நடக்கிறார்கள். வாரத்தின் நடுவில் போய்ச் சேருகிற மாதிரி டிக்கெட் போடுங்கள். பணம் ரொக்கமாக இருக்கட்டும், பள்ளத்தாக்கில் சிக்னல் வரும் போகும்.

எத்தனை மீன், எந்த நீளத்துக்கு மேல் வைத்துக்கொள்ளலாம் என்ற விதியை வாங்கும்போதே கேட்டு, பர்மிட்டின் பின்னால் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். ஆற்றின் மேல்பகுதி பெரிய இமாலய தேசியப் பூங்காவுக்குள் வருகிறது. அதற்கு வனத்துறை அனுமதி தனி, மீன் பர்மிட்டைக் காட்டி உள்ளே நுழைய முடியாது.

6. ஆற்றின் கடிகாரம்

என் மூன்று நாள் போனது இதைத் தெரிந்துகொள்ளாததால்தான்.

மேலே பனி மீது வெயில் விழுவது காலை எட்டு ஒன்பது மணிக்கு. உருக ஆரம்பித்து, மதியம் அதிகமாகி, அந்தத் தண்ணீர் ஓடை ஓடையாக இறங்கி நீங்கள் நிற்கும் இடத்துக்கு வர இன்னும் சில மணி நேரம். அதனால் கீழே ஆறு பெருகுவது பிற்பகலில் தொடங்கி, இரவு வரை போகும். நள்ளிரவுக்கு மேல் மலை மேல் உறைகிறது, உருகுவது நிற்கிறது. விடியும்போது ஆறு மிகக் குறைவாகவும் தெளிவாகவும் இருக்கும். முந்தின நாள் நல்ல வெயில் என்றால் பெருக்கு அதிகம். மேகமூட்டமாக இருந்தால் மறுநாள் பகலிலும் ஆறு தெளிந்தே இருக்கும். நம்ம ஊரில் மேகம் என்றால் "மழை வருமோ" என்று பார்ப்போம். அங்கே, மழையில்லாத மேகம் மீன்காரனுக்கு வரம்.

போய்ச் சேர்ந்த அன்றே கரையோரம் தண்ணீரில் பாதி மூழ்கிய ஒரு பாறையைக் குறித்துக்கொள்ளுங்கள். நான் தங்கியிருந்த இடத்துக்குக் கீழே எருமை படுத்த மாதிரி ஒரு பாறை. நான்காம் நாள் காலை ஐந்தரைக்கு அதன் முதுகு முழுக்க வெளியே, முந்தின இரவின் ஈரக்கோடு அரை அடி உயரத்தில் கறுப்பாகத் தெரிந்தது. பத்து மணிக்குத் தண்ணீர் அந்தக் கோட்டை நோக்கி ஒரு விரல் கடை ஏறியிருந்தது. ஒரு மணிக்குக் கோடு ஈரம், மூன்றரைக்குக் கோடே இல்லை. நிறமும் அப்படியே, காலையில் இளம் பச்சை, மதியம் நீராகாரம், மாலையில் சுண்ணாம்பு கரைத்த மாதிரி.

வீசலாமா வேண்டாமா என்பதற்கு அந்த ஊர் கைடு ஒரு எளிய சோதனை சொன்னார். முழங்கால் ஆழத்தில் நின்று குனிந்து பாருங்கள். பூட்ஸ் கயிறு தெரிந்தால் வீசுங்கள். பூட்ஸ் மட்டும் தெரிந்தால் கனமான, பெரிய ஈயாகப் பார்த்து மாற்றிக்கொண்டு கரையோரம் மட்டும் வீசுங்கள். கால் எங்கே முடிகிறது என்றே தெரியாவிட்டால் டீ குடிக்கப் போங்கள்.

ஆக, காலை ஐந்து முதல் பத்துவரை வேலை. சாப்பாடு, தூக்கம். மாலை ஆறுக்கு மேல் கிளை ஓடைகள் பக்கம் போய்ப் பாருங்கள். குஷைனியில் தீர்த்தனோடு ஃபலாச்சன் ஓடை சேருகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே அளவு கலங்குவதில்லை, சேருமிடத்தில் நின்றாலே இரண்டு நிறமும் தெரியும். எது தெளிவோ அதில் ஏறுங்கள்.

7. தெர்மாமீட்டர் இருநூறு ரூபாய்தான்

ட்ரவுட் குளிர்ந்த தண்ணீர் மீன். தண்ணீர் 10 முதல் 16 டிகிரிக்குள் இருந்தால் சுறுசுறுப்பாக இரை எடுக்கும். 18க்கு மேல் தளரும். 20ஐத் தொட்டால் பிடிப்பதை நிறுத்திவிட வேண்டும். பிடித்துத் திரும்ப விட்டாலும் அது பிழைப்பது சந்தேகம். காரணம் பிராணவாயு. கடல்மட்டக் கணக்கில் 10 டிகிரித் தண்ணீர் லிட்டருக்குச் சுமார் 11 மில்லிகிராம் பிராணவாயுவைத் தாங்கும். 20 டிகிரியில் 9தான். சூடு ஏற மீனுக்குத் தேவை கூடுகிறது, தண்ணீரில் இருப்பு குறைகிறது. தூண்டிலில் ஐந்து நிமிடம் போராடிய மீன் அந்தக் கடனை அடைக்க முடியாமல் செத்துப்போகும்.

நான் அளந்தவரை குஷைனியில் காலை ஆறுக்கு 9 அல்லது 10, மாலையில் 14. அங்கே பிரச்சினை சூடல்ல, கலங்கல். கீழே லார்ஜி பக்கம் போகப் போகத் தண்ணீர் வெதுவெதுக்கும், பனி தீர்ந்த பிறகு வெயில் காயும் நாட்களில் இன்னும். சூடு அதிகமென்றால் கீழே வீசிக்கொண்டிராமல் பஸ் ஏறி மேலே போங்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் காற்று ஆறு டிகிரிக்கு மேல் குளிர்கிறது. தெர்மாமீட்டரை நூலில் கட்டி, நிழலில், ஓடுகிற தண்ணீரில் இரண்டு நிமிடம் வையுங்கள். கரையோரக் குட்டையில் வைத்தால் தப்பாகக் காட்டும்.

8. எங்கே வீசுவது

பெருக்கு ஆற்றைப் பார்த்ததும் நடுவில், ஆழத்தில் வீசத்தான் கை போகும். மீன் அங்கே நிற்காது. நடுவில் ஓட்டம் அடித்துத் தள்ளுகிறது, நின்று தின்ன முடியாது. அதனால் கரையை ஒட்டி வந்துவிடும். நான் மூன்று நாளும் தண்ணீரில் இறங்கி நின்ற இடத்தில்தான் மீன் இருந்திருக்கிறது. மீனை மிதித்துக்கொண்டு மீனைத் தேடியிருக்கிறேன்! தண்ணீரில் இறங்காமல், விளிம்புக்கு நாலடி பின்னால் நின்று முதல் வீச்சைக் கரையோரத்திலேயே போடுங்கள்.

அப்புறம் பாறைகள். ஒவ்வொரு பாறைக்கும் பின்னால் ஒரு அமைதியான குட்டித் தொட்டி இருக்கும், முன்னாலும் ஒரு மெத்தை மாதிரி இடம் இருக்கும். மீன் அங்கே நின்றுகொண்டு பக்கத்து ஓட்டத்தில் வருவதைப் பொறுக்குகிறது. அது ஓட்டத்தை எதிர்த்துத்தான் முகம் வைத்திருக்கும். நீங்கள் கீழேயிருந்து மேல்நோக்கி நடந்தால் அதன் முதுகுப்பக்கம் வருகிறீர்கள். லைனை அதிகம் தண்ணீரில் போடாமல் ராடை உயர்த்திப் பிடித்து, நிம்ஃபை ஓட்டத்தோடு உருள விடுங்கள். ஈ ஓட்டத்தைவிட வேகமாகப் போனாலோ குறுக்கே இழுபட்டாலோ மீன் தொடாது. லைன் ஒரு நொடி தயங்கினால் தூக்குங்கள். பத்தில் எட்டு முறை பாறையாகத்தான் இருக்கும். பரவாயில்லை, பாறையே தட்டவில்லை என்றால் ஈ அடி வரை போகவில்லை என்று அர்த்தம்.

9. தண்ணீரில் கால் வைக்கும் முன்

2014 ஜூன் 8 அன்று, இதே வழியில், லார்ஜி அணைக்குக் கீழே பியாஸ் ஆற்றுப் பாறைகளில் நின்றிருந்த ஹைதராபாத் பொறியியல் கல்லூரி மாணவர்கள் 24 பேரை, அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் அடித்துக்கொண்டு போனது. கணுக்கால் தண்ணீர் நிமிடங்களில் ஆள் உயரம். அணைக்குக் கீழே எந்த ஆற்றிலும் இறங்காதீர்கள், சைரன் கேட்குமென்று நம்பவும் வேண்டாம்.

அணையில்லாத இடத்திலும், மேலே இடி இடித்தால், தண்ணீரில் இலைகளும் சுள்ளியும் திடீரென்று அதிகம் வந்தால், ஓசை மாறினால், ராடு போனாலும் பரவாயில்லை என்று கரையேறுங்கள். முழங்காலுக்கு மேல் இறங்காதீர்கள். கையில் ஒரு தடி. காலையில் அக்கரைக்குக் கடந்து போனால் மதியம் திரும்ப முடியாது, ஆறு ஏறியிருக்கும்; நான் அப்படி மாட்டிக்கொண்டு, பாலத்துக்கு நாலு கிலோமீட்டர் ஈர பூட்ஸோடு நடந்தேன். "பானி படேகா?" என்று உள்ளூர்க்காரர்களைக் கேட்டால், தண்ணீர் ஏறுமா என்று அர்த்தம். அவர்கள் மலையை ஒரு முறை பார்த்துவிட்டுச் சொல்லும் பதில் சரியாகத்தான் இருந்தது.

10. மீன் மாட்டினால்

கையை நனைத்துவிட்டுப் பிடியுங்கள். காய்ந்த கை மீனின் வழவழப்பை உரித்துவிடும், பிறகு பூஞ்சை பிடிக்கும். தண்ணீரிலேயே வைத்து ஃபோர்செப்ஸால் முள்ளைத் திருப்பினால், செதில் நசுக்கிய முள் நழுவி வந்துவிடும். போட்டோ வேண்டுமென்றால் கேமரா தயாரான பிறகு தூக்குங்கள், பத்து நொடிக்குள் திரும்ப இறக்குங்கள். தலையை ஓட்டத்தை நோக்கிப் பிடித்தால் அதுவே உதறிக்கொண்டு போகும். என் முதல் மீன் ஒரு ஜாண் பழுப்பு ட்ரவுட். வயிறு நெய் நிறம், பக்கவாட்டில் குங்குமம் வைத்த மாதிரி சிவப்புப் புள்ளிகள்.

திரும்ப விட்டேன் என்றதும் வீட்டில் நம்பவில்லை. "ரெண்டாயிரம் கிலோமீட்டர் போய் பிடிச்ச மீனை ஆத்துலயே விட்டுட்டு வந்தீங்களா?" என்று மனைவி இன்றைக்கும் விருந்தாளிகளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். சாப்பிட ஆசையென்றால் தங்குமிடத்தில் சொல்லுங்கள், பண்ணை ட்ரவுட் வாங்கி வறுத்துத் தருவார்கள். ருசியா? நம்ம விராலுக்கு அப்புறம்தான்.

11. எனக்கு ஆன செலவு

ராடு, ரீல், லைன் சேர்த்து 9,500. தப்பாக வாங்கிய லைன் 1,800, அது என் முட்டாள்தனத்துக்கு. ஈக்கள், லீடர் 2,000 சொச்சம். பூட்ஸுக்கு ஃபெல்ட் 600, கூலி வாங்க மறுத்துவிட்டார். மூன்றாம் ஏ.சி. ரயில், பஸ், ஜீப் போக வர 8,000க்குக் கிட்டே. சாப்பாட்டோடு அறை நாளுக்கு 1,500. பர்மிட் நாளுக்கு 100. கைடு ஒரு நாளைக்கு 2,000 கேட்டார். காசை மிச்சம் பிடிப்பதாக நினைத்து அவரை ஐந்தாம் நாள்தான் கூப்பிட்டேன். முதல் நாளே கூப்பிடுங்கள், ஒரு நாள் போதும்.

12. திரும்பி வந்ததும்

பூட்ஸைக் கழுவி நன்றாகக் காய வைத்த பிறகே வேறு ஆற்றுக்குக் கொண்டுபோங்கள். ஃபெல்ட்டில் ஒட்டிய பாசி அடுத்த ஆற்றுக்கும் போய்ச் சேரும். அதற்கு நம்ம மொட்டை மாடி வெயில் நல்லது. லைனை மட்டும் அங்கே கொண்டுபோகாதீர்கள். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் துடைத்து, வீட்டுக்குள் நிழலில், பெரிய வளையமாகச் சுற்றித் தொங்கவிடுங்கள். நான் துணிக்கொடியில் போட்டுவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போனேன். திரும்பி வந்து பார்த்தபோது பூச்சு பிசுபிசுத்துக் கொடிக்கயிறோடு ஒட்டிப் போயிருந்தது. இப்போது அந்த 8-வெயிட் லைன்தான் மீதி இருக்கிறது.